முகம் டியூட்டி

அறுபதுக்கு நாற்பது என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். இனி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பு முழுசாகப் படிப்பாக இருக்கக் கூடாது. அறுபது பங்கு ஆசிரியரும் நாற்பது பங்கு திரையுமாகக் கலந்துதான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். பால்காரர் தண்ணீர் கலந்தால் சண்டைக்குப் போகிறோம். இவர்கள் கலந்துவிட்டு அதற்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்பினார்கள். 'கலப்புக் கற்றல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சுற்றறிக்கை கைக்கு வந்தபோது கணக்கு டீச்சர் பத்தாம் வகுப்பு 'இ' பிரிவில் பின்னத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் பின்னமா என்று யாரும் கேட்கக் கூடாது. மற்ற பிரிவுகளில் தேறாது என்று ஒதுக்கியவர்களையெல்லாம் கொண்டுவந்து சேர்த்த இடம் 'இ' பிரிவு. அரையையும் காலையும் கூட்டச் சொன்னால் அங்கே பாதிப் பேர் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, ஆறில் இரண்டு என்று நிம்மதியாக எழுதிவிடுவார்கள். வருஷக் கடைசியில் பொதுத் தேர்வு. அதில் கணக்கில் போனால் அதோடு படிப்பு போச்சு, நேராக ஏதாவது கடைக்கோ பட்டறைக்கோ போய் நிற்க வேண்டியதுதான்.

அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு 'சைலன்ஸ்' என்று பட்டப்பெயர். கூச்சல் கிளம்பும்போதெல்லாம் வாத்தியார்கள் "சைலன்ஸ்!" என்று கத்துவார்கள். கத்தாமலேயே அப்படி இருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் பிள்ளைகள் அந்தப் பெயரை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவாள். புரியவில்லையா என்று கேட்டாலும் அதே தலையாட்டல்தான். தேர்வுக்கு முன்னால் அவள் வாயிலிருந்து 'புரியல டீச்சர்' என்று ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும், அது வந்துவிட்டால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு டீச்சர் நினைத்திருந்தார். புரியவில்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அத்தனை வருஷ வேலையில் அவர் கற்ற ஒரே பாடம்.

அந்த நேரம் பார்த்து அவரைப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள்.

பெரிய அரங்கு ஒன்றில் பயிற்சி நடந்தது. பயிற்சியாளர் இளைஞர். போன வருஷம்வரை வீடு வீடாக எதையோ விற்றவர் என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. 'விரிவுரை முறை செத்துவிட்டது' என்று திரையில் முதல் வாசகம் வந்தது. அதை அவர் மதியச் சாப்பாடு வரைக்கும் விரித்து உரைத்தார். அடுத்து, 'மனிதனால் பத்து நிமிடத்துக்கு மேல் கவனிக்க முடியாது' என்று வந்தது. அதை விளக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. நடு நடுவே எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, மழை பெய்கிற மாதிரி கைதட்டச் சொன்னார். முட்டிவலிக்காரர்களும் மூச்சிரைப்புக்காரர்களும் எழுந்து நின்று மழையாகப் பெய்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

கணக்கு டீச்சர் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். "சார், ஒரு பையன் விடையத் தப்பா போட்டிருந்தா, எந்த வரியில வழுக்கினான்னு நான் அவன் நோட்டப் பாத்துதான் கண்டுபிடிப்பேன். இதுல அத எப்படிப் பாக்கறது?"

"அருமையான கேள்வி! மேடத்துக்கு எல்லாரும் ஒரு மழை கொடுங்க" என்றார் பயிற்சியாளர்.

மழை பெய்தது. பிறகு அவர் ஒரு மஞ்சள் துண்டுக் காகிதத்தைக் கொடுத்துக் கேள்வியை அதில் எழுதச் சொன்னார். சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. 'கேள்விகள் இளைப்பாறும் இடம்' என்று அதற்குத் தலைப்பு. டீச்சரின் கேள்வியும் அங்கே போய் இளைப்பாறியது. பயிற்சி முடிவதற்குள் சார்ட்டில் இடமில்லாமல் மஞ்சளாகப் பூத்துவிட்டது. கடைசி நாள் பயிற்சியாளர் அதைப் பத்திரமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டார். அடுத்த ஊர்ப் பயிற்சியிலும் சுவர் காலியாக இருக்கக் கூடாதாம்.

டீச்சரின் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டில் யாராவது பேசினாலும் மனசுக்குள் கமா போட்டுக்கொண்டிருப்பார்.

"மூணு நாளா அப்படி என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நிறையப் பேசாம சொல்லிக் கொடுக்கணுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதத்தான் மூணு நாளும் பேசினாங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் படுக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் துளைபோடும் மெஷினோடு இரண்டு பேர் வந்தார்கள். ஸ்மார்ட் போர்டை முன்சுவரின் நடுவில், பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக மாட்ட வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. முன்சுவரின் நடுவில், பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக ஏற்கெனவே கரும்பலகை இருந்தது. வகுப்பைக் கட்டியவர்களும் அதே யோசனையில்தான் அதை அங்கே வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி மாட்டக் கூடாதா தம்பி? போர்டு மறையுதே" என்றார் டீச்சர்.

"தள்ளி மாட்டினா ஆப் ஒத்துக்காது மேடம். போட்டோ எடுத்துப் போடணும். நடுவுல இல்லன்னா இங்க நாங்க வந்ததாவே கணக்கு இல்ல."

கரும்பலகையின் நெற்றியிலும் வயிற்றிலுமாக நான்கு ஓட்டை போட்டு, அதன் மேலேயே திரையை முறுக்கி மாட்டிவிட்டுப் போனார்கள். போகும்போது சாக்பீஸ் டப்பாவையும் எடுத்துப் போனார்கள். தூள் கருவிக்கு ஆகாதாம். திரையில் எழுத வேண்டும் என்றால் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு மேலிடத்திலிருந்து வரும். வரவில்லை என்றால் புகார் செய்யலாம். புகார்ப் பக்கத்தைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும்.

கொஞ்ச காலம் 'இ' பிரிவில் எழுத எதுவுமே இல்லாமல் இருந்தது. டீச்சர் காற்றில் விரலால் பின்னம் போட்டுக் காட்டினார். "மேல மூணு, கீழ நாலு, பாத்துக்கிட்டீங்களா?" என்பார். பிள்ளைகள் காற்றைப் பார்த்துத் தலையாட்டினார்கள். டீச்சர் கையை இறக்கியதும் கணக்கும் போய்விடும்.

ஒருவழியாகப் பாஸ்வேர்டு வந்து திரை விழித்துக்கொண்டது. கூடவே நாற்பது பங்குப் பிரச்சினையும் வந்தது. பிள்ளைகளில் நாற்பது பங்குப் பேர் 'தொலைவிலிருந்து' கற்பதாக ஆப்பில் காட்ட வேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தினமும் பள்ளிக்கூடத்துக்கே வந்து தொலைத்தார்கள். தலைமையாசிரியர் நிதானமான மனிதர். பள்ளியில் 'பெரிய சார்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். வருஷக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதுவரை தன் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த பக்கத்து அறையைப் பெருக்கச் சொன்னார். வகுப்பில் ஒரு பகுதியை எழுப்பி, டேப்லெட்டுகளைக் கையில் கொடுத்து, அந்த அறையில் உட்கார வைத்தார்.

"இதுதான் தொலைவா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"சுவர் இருக்குல்ல டீச்சர்? ஒரு சுவர் வந்துட்டாலே தொலைவுதான்" என்றார் பெரிய சார்.

சுவர் மெல்லிசு. டீச்சர் பேசுவது அடுத்த அறைக்குச் சுவர் வழியாக முதலில் போகும். டேப்லெட் வழியாகச் சாவகாசமாகப் பிறகு போகும். "நாலுல மூணு" என்று சுவர் சொல்லி முடித்ததும், "நாலுல மூணு" என்று டேப்லெட் சொல்லும். ஒரு கணக்கை இரண்டு தடவை கேட்ட பிள்ளைகள் விடையையும் இரண்டால் பெருக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள்.

இந்தத் தொலைவு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. திரையின் மண்டையில் ஒரு கேமரா இருந்தது. அது வகுப்பில் இருக்கும் முகங்களை எண்ணும். முகம் திரையைப் பார்த்தபடி இருந்தால் கவனம் என்று அர்த்தம். எண்ணிக்கை குறைந்தால் கவனக்குறைவு. பெரிய சார் அறையில் ஒரு பலகை மாட்டி, வகுப்புக்கு ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். கவனம் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பக்கத்து அறைக்குப் போன முகங்களைக் காணாமல் 'இ' பிரிவு விளக்கு சிவந்தது. பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். அப்போதும் சிவப்புதான்.

பெரிய சார் வியர்த்துப்போய் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "டீச்சர், உங்க வகுப்பு எரியுது."

"எல்லாரும் கணக்கு போட்டுக்கிட்டிருக்காங்க சார்."

"அதான் டீச்சர் தப்பு. கணக்கு போட்டா குனியறாங்க. குனிஞ்சா கேமராவுக்கு உச்சந்தலைதான் தெரியுது. உச்சந்தலைய அது முகம்னு ஒத்துக்க மாட்டேங்குது."

"குனியாம எப்படி சார் எழுதறது?"

பெரிய சார் கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் அவரும் வரலாறு சொல்லிக்கொடுத்தவர்தான். "எழுத வேணாமே" என்றார் கடைசியில். "கொஞ்ச நாளைக்கு எழுத்து வேலைய நிறுத்தி வைங்க. பாத்தே போடட்டும். நான் ஓய்வு பெற்றதும் நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க."

எழுதாமல் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் தண்ணீர் இல்லாமல் நீச்சல் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றுதான். டீச்சர் இரண்டு நாள் முயன்று பார்த்தார். பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி, கண்ணை விரித்து, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு பச்சைப் பசேலென்று எரிந்தது. ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் ஏறவில்லை. மூன்றாம் நாள் டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

வகுப்புக்கு வெளியே நீளமான தாழ்வாரம். சிமெண்டுத் தரை. டீச்சர் கடையில் சாக்பீஸ் வாங்கி வந்தார். நான்கு பேரை மட்டும் வகுப்பில் திரைக்கு முன்னால் நெருக்கி உட்கார வைத்தார். மற்றவர்களைத் தாழ்வாரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு சதுரம் தரையைக் கொடுத்து, "இதுதான் உன் போர்டு, எழுது" என்றார். உள்ளே இருப்பவர்கள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அதற்கு 'முகம் டியூட்டி' என்று பெயர் வைத்தார்கள். வகுப்பு லீடர், வாய் நீளமான ஒரு பையன், யார் யார் எப்போது முகம் என்று முறை போட்டான்.

"டேய், உன் முகம் முடிஞ்சுது, வெளிய போ. அடுத்த முகம் உள்ள வா!" என்று அவன் சத்தம் தாழ்வாரக் கோடி வரைக்கும் கேட்கும்.

நான்கு முகம் போதவில்லை, விளக்கு பச்சையும் சிவப்புமாகத் தடுமாறியது. அதற்கும் வழி தானாக வந்தது. அறிவியல் கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். அங்கே மாட்டியிருந்த விஞ்ஞானிகள் படங்களையெல்லாம் கழற்றி, தூசு படாமல் இருக்கட்டும் என்று 'இ' பிரிவு பெஞ்சுகளில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார் பியூன். அன்றைக்கு விளக்கு பளிச்சென்று பச்சைக்குத் தாவி, அப்படியே நின்றுவிட்டது. விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது லீடர்தான். கேமராவுக்கு முகம் என்றால் முகம், உயிர் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. தாடிக்காரர், மூக்குக்கண்ணாடிக்காரர், பொய்முடி வைத்தவர் எல்லோரும் பெஞ்சுக்கு இரண்டு பேராக உட்கார்ந்து கண் கொட்டாமல் திரையைப் பார்த்தார்கள். கொட்டாவி கிடையாது, சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்ற தொந்தரவும் கிடையாது. வெள்ளையடிப்பு முடிந்தும் படங்களை யாரும் திரும்பக் கேட்கவில்லை. பெரிய சாரும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சரித்திரம் படித்த மனிதர், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இப்போது மொத்த வகுப்பும் தாழ்வாரத்தில். டீச்சர் குனிந்து குனிந்து ஒவ்வொரு சதுரமாகப் பார்த்துக்கொண்டே போவார். இடுப்பு கழன்று போகும். ஆனாலும் யார் எந்த வரியில் வழுக்கினார்கள் என்பது தரையில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ஒரு கணக்கை முடித்ததும் நிமிர்ந்து நின்று, "யாருக்குப் புரியல?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மற்ற வாத்தியார்கள் கேட்ட வேகத்தில் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். கணக்கு டீச்சர் போக மாட்டார். பிள்ளைகள் நெளிந்து, ஒருவரையொருவர் பார்த்து, இருமி, அப்புறம் ஒரு கை மெதுவாக எழும்பும்வரை அப்படியே நிற்பார்.

ஒரு நாள் அந்தக் கை தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து எழுந்தது. முழுசாகக்கூட எழவில்லை, காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"புரியல டீச்சர்" என்றாள் சைலன்ஸ்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லீடருக்கே வாயடைத்துவிட்டது. டீச்சர் அவள் சதுரத்தின் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எங்க புரியல?"

"கீழ இருக்கிறத ஏன் கூட்டக் கூடாதுன்னு புரியல."

"எத்தனை நாளா புரியல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாலாங்கிளாஸ்லருந்து டீச்சர்."

டீச்சர் நாலாங்கிளாஸிலிருந்து ஆரம்பித்தார். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த அச்சுத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் அப்படி வைப்பது அபூர்வம். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. இப்படியே விட்டால் இவளோடு இன்னும் பாதி வகுப்பாவது கரையேறிவிடும் என்று டீச்சருக்குத் தைரியம் வந்தது.

இப்படியே விடவில்லை.

மேலிடத்தில் எல்லாப் பள்ளிகளின் கவன எண்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பத்தாம் வகுப்பு 'இ' பிரிவு எல்லோருக்கும் மேலே இருந்தது. நூற்றுக்கு நூறு. காலையில் முதல் மணியிலும் நூறு, சாப்பாட்டுக்குப் பிறகும் நூறு. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நூறு இருந்தது. திட்ட இயக்குநர் நேரில் வருகிறார் என்று செய்தி வந்தது.

பெரிய சாருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "படத்தையெல்லாம் எடுத்துடலாமா டீச்சர்?" என்று கேட்டார். பிறகு, "எடுத்தா விளக்கு போயிடுமே" என்று அவரே சொன்னார். எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே கார் வந்து நின்றது.

திட்ட இயக்குநர் உள்ளே நுழைந்தார். பெஞ்சுகளில் விஞ்ஞானிகள் உட்கார்ந்திருந்தார்கள். தாழ்வாரத்தில் பிள்ளைகள் முட்டி போட்டுத் தரையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் விஞ்ஞானிகளைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடி விஞ்ஞானிகளைப் பார்த்தார்.

"இது என்ன?" என்றார்.

பெரிய சார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "முன்மாதிரிச் சூழல் சார்" என்றார். "சாதிச்சவங்க மத்தியில உக்காந்தா பிள்ளைங்களுக்கும் சாதிக்கத் தோணும்னு..."

"பிள்ளைங்க வெளியில இருக்காங்களே?"

"அது வந்து... அறுபது பங்கு சார்."

இயக்குநர் முகம் மலர்ந்தது. எல்லோரையும் கூட்டச் சொல்லி அங்கேயே பேச ஆரம்பித்தார். "ஆசிரியப் பெருமக்களே, நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து ரொம்ப வருஷமாச்சு. அவசியமே இல்லாம போயிடுச்சு, எல்லாம் என் போன்லயே தெரியுது. பிள்ளைங்க படிக்கிறாங்களாங்கிறது பழைய கேள்வி. பிள்ளைங்க படிக்கிறாங்கன்னு நமக்கு எப்படித் தெரிய வருதுங்கிறதுதான் புதுக் கேள்வி. வாத்தியார் இல்லாத வகுப்பு இருக்கலாம். பிள்ளைங்க இல்லாத வகுப்புகூட, இப்ப பாக்கறோம், நல்லாவே நடக்குது. ஆனா எண் இல்லாத வகுப்பு இருக்கக் கூடாது. எண் பொய் சொல்லாது. நாம சொன்னாலும் அது சொல்லாது."

கூட வந்தவர்கள் மழையாகப் பெய்தார்கள்.

இந்த இடத்தில் டீச்சர் உண்மையைச் சொல்லிவிடத்தான் பார்த்தார். "சார், அந்த நூறு பிள்ளைங்களோடது இல்ல. படங்களோடது. கேமராவுக்கு வித்தியாசம் தெரியல" என்றார்.

பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநர் சிரித்தார். "பாருங்க, எவ்வளவு அடக்கம்! நூறு எடுத்தும் தன்னோடது இல்லன்னு சொல்றாங்க. இந்த மாதிரி ஒருத்தர ஒரே ஒரு வகுப்புக்குன்னு ஒதுக்கி வைக்கலாமா? அநியாயம் இல்லையா?"

நாளையிலிருந்து கணக்கு டீச்சர் தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும், அவர் பாடங்களைப் படம்பிடித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று அங்கேயே உத்தரவாயிற்று. டீச்சர் பின்னாலேயே கார் வரைக்கும் போனார்.

"சார், இந்த வருஷப் பரீட்சை மட்டும் முடியட்டும் சார். இப்பதான் பிள்ளைங்க வாயத் திறக்கிறாங்க. இந்த நேரத்துல விட்டுட்டு வந்தா எல்லாம் போயிடும்."

"பரீட்சை வருஷா வருஷம் வரும் மேடம். இந்தத் திட்டம் வருஷக் கடைசியோட முடியுது" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தலைமை அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பச்சைத் துணி. டீச்சரின் முகத்தில் மாவு பூசி, புடவையில் மைக் மாட்டி, கண்ணாடிக் குழாய் மாதிரி இருந்த கேமராவைக் காட்டி, இதுதான் பிள்ளைகள் என்றார்கள். டீச்சர் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தார். அது எந்த வரியில் வழுக்குகிறது என்று தெரியவில்லை. பழக்கதோஷம், கணக்கு முடிந்ததும் "யாருக்குப் புரியல?" என்று கேட்டுவிட்டு நின்றார்.

"கட்!" என்றார் படம்பிடித்துக்கொண்டிருந்த எடிட்டர். "என்ன மேடம், மறந்துட்டீங்களா?"

"இல்ல தம்பி. காத்துக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கே கூச்சமாகிவிட்டது. "நான் நிக்கிறத மட்டும் எடுத்துடாதப்பா" என்று கேட்டுக்கொண்டார். "சில பிள்ளைங்களுக்குக் கை தூக்கக் கொஞ்ச நேரமாகும்."

"சும்மா நின்னா பாக்கறவங்க நெட் போயிடுச்சுன்னு நினைப்பாங்க மேடம்" என்றார் எடிட்டர். தங்கமான பையன், மரியாதையாகத்தான் சொன்னார். டீச்சர் நின்ற இடங்களையெல்லாம் ஒன்று விடாமல் வெட்டினார். வெட்டிய பிறகு பாடம் விறுவிறுப்பாக இருந்ததாக இயக்குநர் பாராட்டி எழுதியிருந்தார்.

பாடங்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் போயின. 'இ' பிரிவுக்கும் போயின. டீச்சருடைய இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அவர் பாடமே அங்கே நடக்கும்போது இன்னொரு கணக்கு டீச்சர் எதற்கு என்று கேட்டார்களாம்.

தேர்வு நெருங்கிய சமயம், ஒரு நாள் அலுவலகத்தில் மின்சாரம் போய்ப் படப்பிடிப்பு நின்றது. டீச்சர் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். தாழ்வாரத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். லீடர்தான் வழக்கம்போல முதலில் பேசினான். "டீச்சர், டிவில நீங்க செமையா இருக்கீங்க டீச்சர். ஆனா ஒண்ணுமே விளங்கல."

சைலன்ஸ் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். டீச்சர்தான் அவளிடம் போனார். "என்னம்மா, எப்படிப் போகுது?"

அவள் தலையாட்டினாள். அந்தப் பழைய தலையாட்டல்.

"வாயத் திறந்து சொல்லு."

"எம்மேல கோவமா டீச்சர்?"

"எனக்கா? உம்மேலயா? எதுக்கு?"

"யாருக்குப் புரியலன்னு கேட்டீங்கல்ல, நான் கை தூக்கினேன் டீச்சர். தினமும் தூக்கினேன்" என்றாள். "நீங்க என்னையேதான் பாக்கறீங்க. பாத்துட்டு அடுத்த கணக்குக்குப் போயிடறீங்க. அப்புறம் நான் தூக்கறதில்ல."

அது நான் இல்லை என்று சொல்லலாமா என்று டீச்சர் பார்த்தார். ஆனால் அது அவர்தான், அதே புடவை, அதே குரல். எடிட்டர் வெட்டிய கதையை இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

அதற்குள் மணி அடித்தது. வகுப்புக்குள்ளிருந்து, "வணக்கம் மாணவர்களே!" என்று கணக்கு டீச்சரின் குரல் கேட்டது.

"டீச்சர் வந்துட்டாங்க! எல்லாரும் உள்ள வாங்கடா!" என்று லீடர் கத்தினான். கத்திவிட்டு, எதிரில் நிற்கும் டீச்சரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். பாடம் ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள்.

டீச்சரும் உள்ளே போனார். விஞ்ஞானிகள் நகர்ந்துகொள்ள மாட்டார்கள், அதனால் கடைசி பெஞ்சில் சைலன்ஸின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். திரையில் கணக்கு டீச்சர் மாவு பூசிய முகத்தோடு மளமளவென்று ஒரு கணக்கை முடித்தார். முடித்துவிட்டு, "யாருக்குப் புரியல?" என்று நேராகப் பார்த்துக் கேட்டார்.

கடைசி பெஞ்சில் டீச்சர் கையைத் தூக்கினார். நன்றாகத் தெரியும்படி, தலைக்கு மேலே தூக்கினார். சைலன்ஸ் அதைப் பார்த்தாள். தயங்கித் தயங்கித் தன் கையையும் தூக்கினாள். திரையில் இருந்தவர் இரண்டு பேரையும் பார்த்தார், புன்னகை செய்தார், அடுத்த கணக்குக்குப் போனார்.

"உங்களுக்கும் புரியலையா டீச்சர்?" என்று அவள் காதோடு கேட்டாள்.

"புரியலம்மா" என்றார் டீச்சர். "இவங்க யாருக்காகவும் நிக்க மாட்டாங்க போலிருக்கு."